ஏலக்காரம்மாவின் எட்டு

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மனிதர்களை அதிக தூரம் நடக்க வைத்தது யார் என்று கேட்டால், நான் ஒரு நாற்காலியைத்தான் காட்டுவேன். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் ஏலக்காரம்மா. டாக்டர்களும் நர்சுகளும் சுவரொட்டிகளும் சேர்ந்து செய்ய முடியாததை, இருந்த இடத்தை விட்டு அசையாமல், தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டு செய்தவர் அவர். இதில் மிகை எதுவும் இல்லை. கொஞ்சம் இருக்கலாம். நான் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற ஆள். இதையும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். படகுகள் கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விடுவது அவர் தொழில். காற்று வாகாக இருந்தால் அவர் குரலுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்குளத்து ஊரில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும் என்பார்கள். வயது ஐம்பதுக்குள்தான். வலது காலில் இரண்டு விரல்கள் கிடையாது. சுகர். ஒரு நாள் கரையில் வெறுங்காலோடு நின்று ஏலம் விடும்போது மட்டிச் சிப்பி ஓடு குத்தியிருக்கிறது. காலில் உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதும் ஓடு காலிலேயே இருந்தது.

"என் கால்ல ஓடு குடி வந்துட்டுது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்று அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். விரல்கள் போன பிறகு நின்று ஏலம் விட முடியவில்லை. அப்போதுதான் நாற்காலி வந்தது. காலில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணிக் கட்டும் இருக்கும்.

நான் பொன்னேரிக்காரி. அங்கேயே கல்லூரி படித்து, இந்தக் குப்பத்துக்கு மருமகளாக வந்தவள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது எனக்குச் சுகர் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப போயிடுச்சும்மா. ஆனா வீட்டு வாசலை அடையாளம் பார்த்துட்டுப் போயிருக்கு. திரும்பி வராம இருக்கணும்னா தினமும் அரை மணி நேரம் நட. வருசம் ஒருதரம் ரத்தம் பாரு."

எங்கே நடப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

எங்கள் குப்பத்தில் யாரும் சும்மா நடப்பதில்லை. கரைக்கு நடப்பார்கள், தண்ணீருக்கு நடப்பார்கள், பஸ்ஸுக்கு நடப்பார்கள். எதிரில் வருகிறவரிடம் "இன்னா, எங்க போற?" என்று கேட்பதுதான் இங்கே வணக்கம். அதற்கு "சும்மா" என்பது பதில் ஆகாது. குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு முதல் நாள் நான் நடந்தபோது ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேருக்கும் "சும்மாதான்" என்றேன். அந்த ஏழாவது பெண் குறுக்குச் சந்தில் ஓடிப்போய் அத்தையிடம் சொல்லிவிட்டாள்: "உன் மருமவ கோச்சுக்கினு பொன்னேரிக்குப் போவுது. கைல பை கூட இல்ல."

அத்தை இடுப்பில் குழந்தையோடு மூச்சிரைக்க பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். "இன்னாம்மா கொறை வச்சோம் உனக்கு? நேத்து கொழம்புல உப்பு கம்மின்னேனே, அதுக்கா?" என்று நடுத்தெருவில் கண் கலங்கினார். நான் அவரைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்து வந்தேன். வழியில் அந்த ஏழு பேரும் நின்று பார்த்தார்கள்.

அதன் பிறகு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். கேஸ் அடுப்பிலிருந்து கட்டில் வரை பதினோரு அடி. போகப் பதினொன்று, வரப் பதினொன்று. விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை சிரிக்கும். ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னாத்த தொலைச்ச? சொன்னா நானும் தேடுவேன் இல்ல?"

இந்தச் செய்தி ஏலக்காரம்மாவின் காதுக்குப் போய், ஒரு மதியம் அவர் என் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏ பொன்னேரி, வூட்டுக்குள்ளயே நடக்கிறவ நீதானா?"

"ஆமாங்கக்கா."

"கூடைல போட்ட நண்டு மாதிரி?"

நான் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"எழுதத் தெரியுமா?"

"பி.எஸ்சி. முடிச்சிருக்கேங்கக்கா."

"அது கெடக்கட்டும். எழுதத் தெரியுமா?"

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குவார்கள் இல்லையா, அதற்கு மனு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "மேற்படி கிராமத்தில் நடைப்பயிற்சிக்கு உரிய வசதிகள் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று நான் திருத்தி எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது. இதுல நான் எங்க கீறேன்?"

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் வாயில் வந்ததையே எழுதினோம். "ஐயா, மாத்திரை வூடு தேடி வருது, சந்தோசம். தினம் நடன்னு சொல்றீங்க, அதுவும் சந்தோசம். நடக்கறதுக்கு எடம்தான் காணோம். ரோட்டுல நாயி, மணல், வண்டி. எனக்கு ரெண்டு விரல் போச்சு. இந்த ஊர்ல இன்னும் யாருக்கும் விரல் போவறதுக்கு முன்னாடி ஒரு எடம் குடுங்க." அந்த மனுவை எத்தனை திங்கட்கிழமை கொண்டுபோனார் என்று நினைவில்லை. ஒவ்வொரு முறையும் நொண்டிக்கொண்டே பஸ் ஏறிப் போய் வருவார். கடைசியில் அங்கிருந்த அலுவலர்களே "ஏலக்காரம்மா வந்துட்டாங்க" என்று நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார்களாம். நம்புகிறேன்.

பாதை வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் காலி நிலத்தில், எட்டு வடிவத்தில், சிமெண்ட் கல் பதித்த பாதை. இரண்டு விளக்குக் கம்பம். கை கால்களை ஆட்டுவதற்கு நான்கு இரும்புக் கருவிகள். பச்சை நிறத்தில் ஒரு பலகை. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் சுகர் வராமல் தடுப்பது பற்றிப் பேசிவிட்டு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நான் பாதி சாப்பிட்டேன். மீதியைச் சாப்பிடலாமா கூடாதா என்று கையில் வைத்துக்கொண்டே இருந்ததில் அது உதிர்ந்துவிட்டது.

ஐந்தாவது நாள் எட்டு காணாமல் போனது. அதன் மேல் முழுக்க மீன். இங்கே எல்லோரும் மணலில்தான் கருவாடு காய வைப்பார்கள். மணல் ஒட்டும், நாய் வரும், பெரிய மழை வந்தால் சேறாகும். ஊரிலேயே மணலும் சேறும் இல்லாத, சுற்றி வேலி போட்ட ஒரே தரை இந்த எட்டுதான். எனவே நெத்திலி ஒரு வட்டத்திலும் பொடி மீன் இன்னொரு வட்டத்திலும் காய்ந்தன. இரும்புக் கருவிகளின் மேல் ஆண்கள் வலையைப் போட்டு உலர்த்தினார்கள். உயரம் அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

சோதனைக்கு வந்த இளம் பொறியாளர் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். எதைப் படம் பிடிப்பது என்று தெரியவில்லை.

"அம்மா, இது நடைபாதைங்க" என்றார்.

"மீனு எங்க சார் நடக்கும்? படுத்துக்கினுதான் காயும்" என்றாள் ஒருத்தி. அவள் ஏலக்காரம்மாவின் சொந்தத் தங்கை.

அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மணல் ஒட்டாத கருவாடு அவர்கள் வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைக்கிறது. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. எனக்கு எப்போதும் எல்லாப் பக்கமும் நியாயம் தெரிந்துவிடும். ஏலக்காரம்மாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அவரும் மீனை அள்ளி எறியவில்லை. ஊர்க் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் கிடைக்கிற இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். இன்று ஒருவருடைய பாடு என்றால், அங்கே வேறு எவரும் வலையை நனைக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும், பாடு மட்டும் நிற்காது. பாடு உள்ளவர்கள் எல்லோரும் ஆண்கள்.

ஊர்க் கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நிற்பது வழக்கம். ஏலக்காரம்மா நாற்காலியை நடுவில் போட்டார்.

"ஏரிக்குப் பாடு கீது. இந்த எட்டுக்கு மட்டும் ஏன் இல்ல? வெயில் வர்ற வரைக்கும் நாங்க நடக்கிறோம். வெயில் வந்தா மீன் காயட்டும். சாயங்காலம் காய வச்சவங்க பெருக்கிட்டுப் போவட்டும், நாங்க மறுபடி நடக்கிறோம்."

ஊர்ப் பெரியவர் சிரித்தார். "பாடு ஆம்பளைங்களுது இல்லம்மே? அப்பன்கிட்டருந்து புள்ளைக்கு வர்றது."

"சுகரும் அப்படித்தான் நைனா வருது. அது மட்டும் ஆம்பளயா பொம்பளயான்னு பாத்தா வருது?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் மாத்திரை போடாத வீடு எது என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்திருப்பார்கள். கடைசியில் ஒரு மாதம் சோதனை என்று முடிவானது. நிபந்தனை ஏரியில் இருப்பதுதான். முறை வந்தும் வலை கட்டாதவருக்கு அந்த முறை போய்விடும். அதுபோல், ஒரு மாதத்தில் ஒரே ஒரு காலை எட்டு காலியாகக் கிடந்தாலும் பெண்களின் பாடு போய்விடும். பிறகு அது நாள் முழுக்க மீனுக்குத்தான்.

முப்பது பெண்கள் பெயர் கொடுத்தோம். இறால் பாட்டுக்கு எடுப்பதுபோலவே சின்னப் பானையில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். அன்றைக்கு யார் பெயர் வருகிறதோ அவர்தான் முதலில் நடக்க வேண்டும். சீட்டுகளை நான்தான் எழுதினேன். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மருமகள் என்றெல்லாம் போடவில்லை, வெறும் பெயர்தான். சிலர் பெயரை அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் சீட்டில் வந்தவர் எல்லம்மா. இரண்டு முட்டியிலும் வலி உள்ளவர், ஓர் அடிக்கும் இன்னோர் அடிக்கும் நடுவில் வானிலை மாறிவிடும். எல்லம்மா முன்னால் நடந்தார். பின்னால் நாங்கள் இருபத்தொன்பது பேரும் வரிசையாக, அதே வேகத்தில், ஒருவர்கூட முந்தாமல் போனோம். வேலிக்கு வெளியே நின்ற ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டார்கள்.

"இன்னாங்கடி இது, நடையா, எழவு ஊர்வலமா? முந்திப் போங்கடி!" ஏலக்காரம்மா நாற்காலியில் இருந்து கத்தினார்.

"எல்லம்மா பாடுக்கா. அவங்கள எப்படி முந்தறது?" என்று ஒருத்தி உண்மையாகவே கேட்டாள். அடுத்தவர் பாட்டில் முந்துவது எங்கள் ஊரில் திருட்டுக்குச் சமம். சட்டம் ஏலக்காரம்மாவே போட்டது. அன்று அரை மணி நேரத்தில் முப்பது பெண்களும் சேர்ந்து இரண்டு சுற்று நடந்தோம்.

மறுநாள் காலை அவர் சீட்டுப் பானையைக் கவிழ்த்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்.

"இன்னிக்கு முதல் பாடு ஏலம்! மூணு ரவுண்டு, மூணு, மூணு! நாலு யாரு? நாலு, அங்க பச்சைப் புடவை நாலு! அஞ்சு! அஞ்சு ஒருதரம்!"

அதிக சுற்று கேட்கிறவருக்கு முதல் இடம். வேறு யாரும் முந்தினால் தப்பில்லை, ஏனென்றால் ஏலத்தில் விட்டவர்கள் தலைக்குத் தலை பாடு வைத்திருக்கிறார்கள் என்று ஏதோ ஒரு சட்டமும் சொன்னார். அது யாருக்கும் புரியவில்லை, ஆனால் ஏலம் புரிந்தது. பிறந்ததிலிருந்து மீன் ஏலம் கேட்டு வளர்ந்த பெண்கள். ஒருத்தி ஆறு என்றால் இன்னொருத்திக்கு வாய் சும்மா இருக்காது. நாத்தனார்கள் எதிரெதிரே நின்று ஒன்பது, பத்து என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக நடந்தார்கள்.

அந்த வாரம் ஒரு காலை நான் வேலி ஓரமாக நின்றிருந்தேன். அத்தை மடியில் இருந்த குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நான் தலையை ஆட்டினேன்.

"பன்னெண்டு! பொன்னேரி பன்னெண்டு! ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!"

"அக்கா, நான் குழந்தைக்குத்தான் தலையாட்டினேன்."

"ஏலத்துல ஆட்டின தல ஆட்டினதுதான். குழந்தைக்குன்னா குழந்தை நடக்கட்டும்."

"அதுக்கு இன்னும் நிக்கவே வரலக்கா!"

"அப்ப அதோட அம்மா நடக்கட்டும்."

பன்னிரண்டு சுற்று நடந்தேன். யாரும் "எங்க போற?" என்று கேட்கவில்லை. எட்டில் நடப்பவரிடம் கேட்பதற்கு அந்தக் கேள்வி ஒத்து வராது. போகிற இடமும் வருகிற இடமும் ஒன்றுதானே.

சோதனை மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. இந்த மழையில் யார் போவார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் இப்படியே நினைத்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். நனைந்து சளி பிடித்தால் குழந்தைக்கு ஒட்டுமே என்றும் நினைத்தேன். மூன்றையும் நினைத்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

எட்டில் யாரும் இல்லை. தவறு, ஒருவர் இருந்தார். நாற்காலியில், தலைக்கு மேல் மீன் பெட்டி மூடியைப் பிடித்தபடி.

"வந்தியா? நீதான் வருவன்னு தெரியும். எதுக்கும் பயப்படறவ இதுக்கும் பயப்படுவ இல்ல?" என்றவர் உடனே குரலை உயர்த்தினார். "மூணு ரவுண்டு, மூணு! நாலு யாரு?"

"அக்கா, நான் ஒருத்திதான் இருக்கேன்."

"ஒருத்தின்னா ஏலம் கெடையாதா? நாலு யாரு?"

"நாலு" என்றேன்.

"பொன்னேரி நாலு! அஞ்சு யாரு? பொன்னேரிய வுட்டுக் குடுக்காதீங்க, அஞ்சு யாரு?"

எனக்கு எதிராக நானே கேட்டு ஏழுக்குப் போனேன். மழையில் ஏழு சுற்று. ஒவ்வொரு முறை அவரைக் கடக்கும்போதும் அவர் காலைப் பார்த்தேன். நாற்காலிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. காலில் கட்டிய துணி அதற்குள் இருந்தது.

"அக்கா, கால் நனையுது. தூக்கி வைங்க."

"ஏரிக்காரி கால் நனையாம என்னாடி பண்ணும்? நீ எண்ணிக்கைய வுடாத."

நான் எண்ணிக்கையை விடவில்லை.

நான்கு நாள் கழித்து அவர் காலில் கட்டிய துணியில் பழுப்பு நிறத்தில் ஓர் ஈரத்திட்டு பார்த்தேன். பக்கத்தில் போனபோது ஒரு வாடை வந்தது. கருவாட்டு வாடை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதுதான் சரி. அந்த எட்டில் எப்போதும் கருவாட்டு வாடை இருக்கும். ஆனால் கருவாட்டு வாடை எனக்குத் தெரியாததா? என்னைவிடப் பெரியவர், நான் போய் என்ன சொல்வது, அவருக்கே தெரியாதா, நான் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று மூன்று நாள் யோசித்தேன். குழந்தை இரண்டு முறை தும்மினால் சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறவள் நான். எதற்கெல்லாமோ கவலைப்பட்டவள் கவலைப்பட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்தது. ஒரு காலைகூட எட்டு காலியாக இருக்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் பெண்களின் பாடு நிரந்தரம் என்று சொன்னார்கள். ஏலக்காரம்மா "மூணுதரம்!" என்று கத்திவிட்டு எழுந்தார், எழுந்தபடியே சாய்ந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆட்டோவில் பொன்னேரிக்கும், அங்கிருந்து சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். சொல்வதற்கான வார்த்தைகளை ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. "நான் பார்த்தேங்கக்கா. மூணு நாள் முன்னாடியே பார்த்தேன். சொல்லல" என்று மட்டும் சொன்னேன்.

"நீ பாக்கறதுக்கு முன்னயே நான் பாத்துட்டேன்டி" என்றார் சாதாரணமாக. "அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா படுக்க வச்சிருப்பாங்க. ஒரு மாசம் முடியணும் இல்ல? நான் இல்லாத காலைல நீங்கல்லாம் வருவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

இதைத் தியாகம் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அது முட்டாள்தனம். ஒரு கால் என்பது முப்பது பேர் நடைக்கு விலை கிடையாது. அதைத்தான் அவரிடமும் சொன்னேன். "உங்களுக்கு அறிவிருக்கா அக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வந்திருக்க மாட்டோமா? எங்கள என்னன்னு நினைச்சீங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

அவர் தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. "கொரல் நல்லா வருதுடி உனக்கு. ஏலத்துக்கு ஆவும்" என்றார்.

அப்படித்தான் நான் ஏலம் விட ஆரம்பித்தேன். முதல் நாள் என் குரல் முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை. "நாலு" என்பதற்கு முன் "தயவுசெய்து" என்று சேர்த்தேன் என்று இன்றும் கேலி செய்கிறார்கள். ஆனால் முப்பது பேரும் வந்தார்கள். அவர் இல்லாத ஒரு காலையும் காலியாக இருக்கவில்லை. சொல்லப்போனால், அவர் தங்கை மீன் காய வைப்பதற்கு முன்னால் தானும் நான்கு சுற்று நடக்க ஆரம்பித்தாள்.

அந்த வருடம் என் ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. காகிதத்தை மூன்று முறை படித்தேன், பிறகு மேலே இருப்பது என் பெயர்தானா என்று பார்த்தேன். நர்ஸ் "நல்லது, விடாம நட" என்றார். சொல்வதற்கு ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை திங்கட்கிழமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏலக்காரம்மா சக்கர நாற்காலியில் ஊர் திரும்பினார். தெருவுக்கும் எட்டுக்கும் நடுவில் நாற்பது அடி மணல். சக்கரம் புதைந்துவிட்டது. பாதை போட்டவர்களும், பாதை கேட்டவர்களும், மனு எழுதிய நானும் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. பாதை இருக்கிறது, பாதைக்கு வரப் பாதை இல்லை. அதற்கும் ஒரு மனு எழுதினேன். அதற்குப் பதில் வருவதற்குள், கரையில் உடைந்து கிடந்த ஃபைபர் படகுகளின் பக்கப் பலகைகளை ஆண்கள் இழுத்து வந்து மணல் மேல் வரிசையாகப் போட்டுவிட்டார்கள். கருவிகளின் மேல் இருந்த வலைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வலை மட்டும் இன்னும் கிடக்கிறது. அது என் வீட்டுக்காரருடையது. சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவருக்குச் செயற்கைக் கால் வந்தது. ஒரு காலை, கையில் வாக்கரோடு பலகைகள் மேல் டக் டக் என்று வந்து எட்டின் முனையில் நின்றார். நீல நாற்காலியின் பக்கம் போகவில்லை. நான் ஏலத்தைத் தொடங்கியிருந்தேன்.

"மூணு ரவுண்டு, மூணு! நாலு யாரு?"

"ஒண்ணு" என்றார் ஏலக்காரம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். நாலு கேட்க வாயெடுத்த நாத்தனார்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏலம் கீழ்நோக்கிப் போகாது என்பது எனக்குத் தெரியும், எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனாலும் "ஒண்ணு ஒருதரம்" என்றேன். "ஒண்ணு ரெண்டுதரம்." "மூணுதரம்" என்பதை வேறு யாரோ சொன்னார்கள். எல்லம்மா என்று நினைக்கிறேன்.

அவர் நடக்க ஆரம்பித்தார். வாக்கரை முன்னால் வைத்து, புதுக் காலை இழுத்து, பழைய காலை வைத்து. நாங்கள் முப்பது பேரும் பின்னால் போனோம். முதல் வட்டம் முடிவதற்குள் வெயில் பாதையில் விழுந்துவிட்டது. வேலிக்கு அருகில் நெத்திலிக் கூடைகளோடு நின்ற பெண்கள் ஒருவரும் கூடையை இறக்கவில்லை. நடக்கக் கற்றுக்கொண்ட என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நின்றாள்.

"முந்திப் போங்கடி, எனக்கு நேரம் ஆவும்!" என்று அவர் திரும்பாமலேயே கத்தினார்.

யாரும் முந்தவில்லை.

"காது கேக்கலியா? ஏ பொன்னேரி, என் பின்னாடியே எங்கடி போறீங்க எல்லாரும்?"

"எங்கயும் இல்லக்கா" என்றேன். "சும்மாதான். உங்க கூட."